கியூபா சாப்பாடு நிஜமாகவே சப்பென்று இருக்குமா? எங்கே சாப்பிடுவது, என்ன கேட்பது, வீட்டில் எப்படிச் செய்வது

தென்றல்வழி:

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரியில் நானும் மனைவியும் கியூபா போகிறோம். ஹவானா, வின்யாலெஸ், திரினிதாத், சாந்தியாகோ, முடிந்தால் பரக்கோவா. பயணக் குறிப்புகளில் பாதிப் பேர் "சோறு, பீன்ஸ், கோழி, மறுநாளும் அதே" என்று அலுத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் அங்கத்திய வீட்டுச் சாப்பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். எதை நம்புவது? மனைவி சைவம், முட்டையும் பாலும் சாப்பிடுவார். திரும்பி வந்தபின் இரண்டொரு பண்டமாவது வீட்டில் செய்து பார்க்கவும் ஆசை. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கரீபியன்தாசன்:

தென்றல், இரண்டு கட்சியும் உண்மையைத்தான் எழுதுகிறது. சாப்பிட்ட இடம்தான் வேறு.

கியூபாவில் உணவுக்கு மூன்று வாசல். ஒன்று, அரசு உணவகங்களும் ஓட்டல் பஃபேவும். மொத்தமாகச் சமைத்து, சூடு காட்டியே வைத்திருப்பார்கள். சப்பென்ற பேர் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. இரண்டு, பலதார் எனப்படும் தனியார் உணவகம். 1990-களில் அனுமதித்தபோது 12 நாற்காலிக்கு மேல் போடக்கூடாது, வீட்டாரே வேலை செய்ய வேண்டும் என்று விதி. 2011-ல் 50 இருக்கை வரை விட்டார்கள். ஹவானாவில் நல்ல சமையல்காரர்கள் இருப்பது இங்கேதான், விலையும் அதற்கேற்ப இருக்கும். மூன்று, காசா பர்த்திகுலார், அதாவது நீங்கள் அறை எடுக்கும் வீடு. காலை உணவு பெரும்பாலும் உண்டு, சொல்லி வைத்தால் இரவுச் சாப்பாடும் கிடைக்கும்.

என் கட்சி மூன்றாவது. ஆனால் அதைக் கேட்கும் முறை இருக்கிறது. இரவுச் சாப்பாட்டைக் காலை உணவு மேசையிலேயே சொல்லிவிட வேண்டும். மாலை ஆறு மணிக்குச் சொன்னால் வீட்டில் இருப்பதுதான் வரும், அதாவது சோறும் பொரித்த கோழியும். காலையில் சொன்னால் வீட்டுக்காரர் சந்தைக்குப் போவார், மீன் கொண்டு வருபவரிடம் சொல்லி வைப்பார், பீன்ஸை ஊறப்போட நேரம் கிடைக்கும். மெனு கேட்காதீர்கள். "இன்று என்ன நன்றாகக் கிடைக்கும்?" என்று கேளுங்கள். ஒரே வீட்டில் இரண்டு இரவு தங்கினால் இரண்டாம் நாள் சாப்பாடு கண்டிப்பாக மேலாக இருக்கும்.

பணம்: அமெரிக்க வங்கி கொடுத்த கார்டு எதுவும் அங்கே செல்லாது. யூரோ ரொக்கம், அதுவும் சின்ன நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் அரசு 1 டாலருக்கு 120 பெசோ என்று வைத்தது, அதன்பின் வெளிச்சந்தையில் அதைவிடப் பல மடங்கு போய்விட்டது. அதனால் மெனுவில் எந்த நாணயம், எந்த விகிதம் என்று உட்காருமுன் கேட்டுவிடுங்கள். சாப்பிட்டு முடித்தபின் கேட்டால் தகராறுதான்.

அடுக்களை_ராசாத்தி:

தாசன் அண்ணன் இடத்தைச் சொல்லிவிட்டார், நான் ருசியைச் சொல்கிறேன். காரத்தைத் தேடிப் போகிறவர்களுக்குக் கியூபா சமையல் சப்பென்றுதான் இருக்கும். அந்தச் சமையலில் காரம் கிடையாது. பூண்டு, சீரகம், ஒரேகானோ, பிரியாணி இலை, கசப்பு ஆரஞ்சின் புளிப்பு, பன்றிக் கொழுப்பு. இவ்வளவுதான் அதன் உயிர். அங்கே அஹி என்று மிளகாயைச் சொன்னாலும் பெரும்பாலும் கச்சூச்சா என்ற குட்டி ரகம்தான். மணம் உண்டு, உறைப்பு இல்லை. நம் ஊர் வெங்காயத் தாளிப்பு போல அவர்களுக்கு சொஃப்ரீத்தோ. வெங்காயம், குடமிளகாய், பூண்டு, சீரகத்தூள், சில பண்டங்களுக்குத் தக்காளி. அது சரியாக வதங்காத சட்டியில் எதைப் போட்டாலும் ருசிக்காது.

முதலில் கற்க வேண்டியது மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ், கறுப்பு பீன்ஸும் அரிசியும் சேர்த்து வடிக்கிற சோறு. கிழக்கே சாந்தியாகோ பக்கம் சிவப்பு பீன்ஸில் செய்வது கோங்ரி. மேற்கே இரண்டையுமே கோங்ரி என்பவர்கள் உண்டு.

நான்கு பேருக்கு: கறுப்பு பீன்ஸ் 200 கிராம், நீள அரிசி 400 கிராம், பெரிய வெங்காயம் 1, குடமிளகாய் 1, பூண்டு 5 பல், சீரகத்தூள் 1 தேக்கரண்டி, ஒரேகானோ அரை தேக்கரண்டி, பிரியாணி இலை 1, எண்ணெய் அல்லது கொழுப்பு 3 மேசைக்கரண்டி, உப்பு.

பீன்ஸை இரவே 1 லிட்டர் தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சோறு வெளிறிப்போகும். கறுப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. அதே தண்ணீரில் பாதிக் குடமிளகாயும் பிரியாணி இலையும் போட்டு வேக வையுங்கள். முக்கால் பங்குக்கு மேல் வெந்து, விரலால் நசுக்கினால் மசியவும், தானாக உடையாமலும் இருக்கும் பதத்தில் நிறுத்த வேண்டும். குக்கரில் நான்கைந்து விசில் கூட்டி விட்டால் பீன்ஸ் கரைந்து சோறு களியாகும். தக்காளி, வினிகர் எதையும் வேகுமுன் போடக்கூடாது. புளிப்பு பட்டால் தோல் இறுகி வேகவே வேகாது.

பிறகு பீன்ஸை வடித்து, நீரைத் தனியாக அளந்து வையுங்கள். கனமான சட்டியில் சொஃப்ரீத்தோவை 8 நிமிடம் சிறு தீயில் வதக்கி, கழுவிய அரிசியைப் போட்டு 2 நிமிடம் புரட்டி, பீன்ஸைச் சேர்த்து, 400 கிராம் அரிசிக்கு பீன்ஸ் நீர் 600 மில்லி ஊற்றுங்கள். குறைந்தால் தண்ணீர் சேர்க்கலாம். புழுங்கலரிசி என்றால் 100 மில்லி கூட வேண்டும். உப்பை இந்த இடத்தில் பார்த்துவிடுங்கள், நீர் சற்றுத் தூக்கலாகக் கரிக்க வேண்டும். மேலே நீர் வற்றித் துளை துளையாகத் தெரியும்போது மூடி, மிகச் சிறு தீயில் 20 நிமிடம். இடையில் கிளறவே கூடாது. அடியில் பிடிக்கிற ராஸ்பா என்ற பொறுக்குக்கு அந்த வீடுகளில் போட்டி நடக்கும், சுரண்டிப் பரிமாறுங்கள்.

பாஸ்மதி வேண்டாம். அதன் வாசனை சீரகத்தோடு மல்லுக்கு நிற்கும்.

பச்சைப்பயறு:

தென்றல், உங்கள் மனைவிக்காக இது. ராசாத்தி அக்கா சொன்ன பட்டியலில் கொழுப்பு என்று இருக்கிறதல்லவா, சைவர்களுக்குச் சிக்கல் அங்கேதான். பீன்ஸ் என்பதால் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். பானையில் பன்றித் துண்டோ, கொழுப்போ, கோழிச்சாறு கட்டியோ போடுவது வழக்கம். "நான் சைவம்" என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சியும் பன்றியும் சாப்பிடமாட்டார் என்று எடுத்துக்கொண்டு கோழியோ ஹாமோ தட்டில் வரலாம். ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்:

"சின் கார்னே, சின் போயோ, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் மந்தேக்கா, சின் கால்தோ." இறைச்சி, கோழி, ஹாம், மீன், பன்றிக் கொழுப்பு, இறைச்சிச் சாறு எதுவும் இல்லாமல் என்று அர்த்தம். தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சமைப்பவரிடமே காட்டுங்கள்.

தைரியமாகக் கேட்கக்கூடியவை: மரவள்ளிக்கிழங்கு மோஹோ (பூண்டும் புளிப்பு ஆரஞ்சும் சேர்த்த எண்ணெய் ஊற்றியது), பச்சை வாழைக்காய் தோஸ்தோனெஸ் (அமுக்கி இருமுறை பொரித்தது), பழுத்த வாழை வறுவல், மலாங்கா (சேம்பு போன்ற கிழங்கு) வடை, முட்டை ஆம்லெட், வெள்ளைச் சோற்றோடு தனியாகச் சமைத்த கறுப்பு பீன்ஸ். பொரிக்கும் எண்ணெய் கொழுப்பா, தாவர எண்ணெயா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் தக்காளி, முட்டைக்கோஸ், கீரை வகை நன்றாகக் கிடைக்கும். அவகாடோ சீசன் கோடையில், அதை எதிர்பார்க்க வேண்டாம். வின்யாலெஸில் தோட்டத்து உணவகங்கள் சில உண்டு, இரண்டு நாள் அங்கே இருந்தால் சைவத்துக்கு நிம்மதி.

முட்டையை மட்டும் நிச்சயமென்று எண்ணாதீர்கள். தட்டுப்பாடு வந்தால் முதலில் மறைவது அதுதான்.

கல்லடுப்பு:

தட்டுப்பாடு பற்றிப் பயறு சொன்னதை விரித்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தட்டில் வருவது ஏன் அப்படி வருகிறது என்று புரியாது.

1962 முதல் அங்கே லிப்ரெத்தா என்ற ரேஷன் அட்டை. ஆளுக்கு மாதம் 7 பவுண்டு அரிசி, கூடவே பீன்ஸ், சர்க்கரை, எண்ணெய், காபி என்று கணக்கு. சமீப ஆண்டுகளில் பல மாதம் தவறுகிறது, தாமதமாகிறது. ரேஷன் ரொட்டி ஆளுக்கு நாளைக்கு ஒன்று, 80 கிராமாக இருந்ததை 2024 செப்டம்பரில் 60 கிராமாக்கினார்கள். பால் 7 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு. மாட்டை அனுமதியில்லாமல் அறுப்பது குற்றம், அதனால் ரோபா வியேஹா என்று பெயர் பெற்ற மாட்டிறைச்சிப் பிசிறல் பல இடங்களில் ஆட்டிறைச்சியிலோ பன்றியிலோ வரும். அதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கிடைப்பதில் செய்கிறார்கள். சோவியத் உதவி நின்ற 1990-களின் நெருக்கடியில் வளர்ந்த தலைமுறை இன்று சமையலறையில் நிற்கிறது. ஒரே கோழியை மூன்று நாள் மூன்று விதமாக ஆக்குவது அவர்கள் கைத்திறன். இதை அறியாமல் "மெனுவில் பாதி இல்லை" என்று கோபப்படுவது நியாயமில்லை.

தென்றல், வீட்டில் சாப்பிடும்போது தேவைக்கு மேல் சொல்லி மிச்சம் வைக்காதீர்கள். இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன்.

தென்றல்வழி:

மிக்க நன்றி, எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். மரவள்ளி மோஹோவும் தோஸ்தோனெஸும் வீட்டில் செய்ய முடியுமென்றால் அளவு சொல்லுங்கள் அக்கா. கசப்பு ஆரஞ்சுக்கு எங்கே போவது?

அடுக்களை_ராசாத்தி:

கசப்பு ஆரஞ்சு கிடைக்காவிட்டால் இரண்டு பங்கு சாதா ஆரஞ்சுச் சாறு, ஒரு பங்கு எலுமிச்சை. வெறும் எலுமிச்சையில் செய்தால் புளிப்பு குத்தும், மோஹோவின் வட்டமான ருசி வராது.

மரவள்ளி 1 கிலோ. தோலும் அதன் கீழுள்ள இளஞ்சிவப்புப் படலமும் போகச் சீவி, ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, உப்புத் தண்ணீரில் 25 முதல் 35 நிமிடம், மூடாமல். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு டம்ளர் குளிர்ந்த நீரை ஊற்றுவது கியூபா வீட்டுப் பழக்கம். கிழங்கு வெடித்து மலரும். வெந்ததும் நடுவிலுள்ள நாரை உருவி எடுத்துவிடுங்கள். 40 நிமிடமாகியும் கண்ணாடி போல் நிற்கிற துண்டு பழைய கிழங்கு, அதை எடுத்துப் போட்டுவிடலாம்.

மோஹோ: பூண்டு 8 பல்லை 1 தேக்கரண்டி உப்போடு உரலில் இடித்து, சூடு தாங்கும் கிண்ணத்தில் வையுங்கள். அரை கப் எண்ணெயைப் புகை வருமுன் இறக்கி, பூண்டின் மேல் ஊற்றுங்கள். சுர்ரென்று பொங்கி, அரை நிமிடத்தில் அடங்கி, பூண்டு வெளிர் மஞ்சளுக்கு வரும். அப்போது அரை கப் ஆரஞ்சுச் சாறு, கால் தேக்கரண்டி சீரகத்தூள். அடுப்பிலிருக்கும் எண்ணெயில் சாற்றை ஊற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம், முகத்தில் தெறிக்கும். பூண்டு பழுப்பானால் கசந்துவிடும், மறுபடி இடிப்பதுதான் வழி. வட்டமாக அரிந்த வெங்காயத்தை மேலே போட்டு, கிழங்கு சூடாக இருக்கும்போதே ஊற்றிப் பரிமாறுங்கள். ஆறிய மரவள்ளி மாவுப்பசையாக இறுகும்.

தோஸ்தோனெஸ்: மஞ்சளே தட்டாத பச்சைக் காய். மொந்தனைவிட நேந்திரங்காய் பொருந்தும். 2.5 செ.மீ. கனத்தில் வெட்டி, 160 டிகிரி எண்ணெயில் 3-4 நிமிடம், நிறம் மாறாமல் வேக மட்டும் வையுங்கள். எடுத்து, சூட்டோடு தட்டையான கிண்ணத்தால் அரை செ.மீ. கனத்துக்கு அமுக்கி, பூண்டும் உப்பும் கரைத்த நீரில் ஒரு நொடி முக்கி, துணியில் ஒற்றி, 185 டிகிரியில் இன்னும் 2 நிமிடம். ஓரம் பிய்ந்து சிதறினால் முதல் பொரிப்பு போதவில்லை அல்லது ஆறவிட்டு அமுக்கியிருக்கிறீர்கள். உள்ளே இனித்தால் காய் பழுக்கத் தொடங்கிவிட்டது, அதைத் தனியே வறுத்து இனிப்பாகச் சாப்பிடலாம். ஈரம் ஒற்றாமல் போட்டால் எண்ணெய் பொங்கும், கவனம்.

உப்புக்காற்று:

பரக்கோவாவை "முடிந்தால்" என்று வைக்காதீர்கள். தீவின் மற்ற இடங்களில் கிடைக்காத சமையல் அங்கே இருக்கிறது, தேங்காய்ப்பாலில். 1511-ல் எழுந்த, கியூபாவின் முதல் ஸ்பானிய ஊர். 1960-களில் லா ஃபரோலா மலைப்பாதை வரும்வரை கடல் வழிதான், அதனால் சமையலும் தனியாகவே வளர்ந்தது.

கேட்க வேண்டியவை: லெச்சீத்தா என்ற தேங்காய்ப்பால் குழம்பில் மீன். பிக்சா விதையில் நிறம் ஏற்றி, பூண்டு, கச்சூச்சா, கொத்தமல்லி போல மணக்கிற குலாந்த்ரோ இலை சேர்ப்பார்கள். பாலைக் கொதிக்கவிடாமல் மெல்லச் சுண்டவைத்தால்தான் திரியாது. அடுத்து பக்கான். பச்சை வாழைக்காயைத் துருவி, தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, உள்ளே நண்டோ பன்றியோ வைத்து, வாழையிலையில் கட்டி வேகவைப்பது. உங்கள் மனைவிக்கு உள்ளீடு இல்லாமல் கட்டித் தருவார்கள், முதல்நாளே சொல்ல வேண்டும். தெத்தீ என்ற நூல் போன்ற மீன்குஞ்சு ஆற்று முகத்துவாரத்தில் தேய்பிறை நாட்களில் பிடிபடும், கிடைத்தால் விடாதீர்கள்.

இனிப்பில் குகுருச்சோ. தேங்காய்த் துருவல், சர்க்கரை, தேன், கொய்யா அல்லது அன்னாசி சேர்த்துக் கிளறி, பனைப்பட்டைக் கூம்பில் அடைத்து, சாலையோரம் விற்பார்கள். அன்றன்றே சாப்பிடுங்கள், இரண்டாம் நாள் வெயிலில் புளித்துவிடும். கொக்கோவும் அங்கேதான் விளைகிறது, காலையில் சோரோத்தே என்ற கெட்டி சாக்லேட் பானம் கேளுங்கள். 2016 அக்டோபரில் மேத்யூ புயல் தென்னையையும் கொக்கோவையும் சாய்த்துவிட்டது. மரம் நட்டு மீண்டு வந்த ஊர், அங்கே கொடுக்கும் காசு வீணாகாது.

சாந்தியாகோவில் ப்ரூ குடியுங்கள். கொடி, வேர், இலைகளை வேகவைத்து, சர்க்கரை சேர்த்து, பழைய ப்ரூவை உறையாக ஊற்றிப் புளிக்கவைத்த பானம். மூடியைத் திறந்தால் நுரைக்கும், குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

கல்லடுப்பு:

கிழக்கே போகிறவர்கள் கசாவேயையும் தேடுங்கள். மரவள்ளியைத் துருவி, பிழிந்து, மாவைச் சலித்து, சூடான தட்டில் எண்ணெயில்லாமல் சுடும் ரொட்டி. தாய்னோ பழங்குடியினர் விட்டுச் சென்றது. கியூபா, டொமினிக்கன் குடியரசு, ஹெய்தி, ஹோண்டுராஸ், வெனிசுலா ஐந்தும் சேர்ந்து விண்ணப்பிக்க, 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தனியாகத் தின்றால் அட்டை போலிருக்கும். பூண்டு எண்ணெயோ குழம்போ தொட்டுச் சாப்பிட வேண்டும்.

மசாலாடப்பா:

நடுவில் ஒரு கேள்வி. கியூபன் சாண்ட்விச் ஹவானாவில் எங்கே நல்லது?

கரீபியன்தாசன்:

நீங்கள் நினைக்கிற வடிவத்துக்கு ஃபுளோரிடா போக வேண்டும். வறுத்த பன்றி, ஹாம், ஸ்விஸ் சீஸ், ஊறுகாய் வெள்ளரி, கடுகு, அழுத்திச் சுடுவது. இது தாம்பா, மயாமியில் கியூபக் குடியேறிகளிடையே நிலைபெற்ற வடிவம். தாம்பாவில் சலாமியும் சேரும், மயாமிக்காரர்கள் அதை ஒப்ப மாட்டார்கள். ஹவானாவில் அதைத் தேடி நேரம் போக்காதீர்கள். தெருவில் பான் கோன் லெச்சோன் கேளுங்கள். ரொட்டியில் பன்றி வறுவல், மேலே மோஹோ. முழுப் பன்றி வெட்டும் கடையில், காலை பதினொன்றுக்குள்.

பச்சைப்பயறு:

சுகாதாரம் பற்றி யாரும் எழுதவில்லையே. 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் போனது, அதன்பின்னும் மணிக்கணக்கில் வெட்டு உண்டு. குளிர்பெட்டி நின்று நின்று ஓடும் இடத்தில் என்ன கெடும் என்று யோசித்துச் சாப்பிடுங்கள். மயோனைஸ் கலந்த மக்ரோனி சாலட் அங்கே விருந்துகளில் பிரபலம், தொடாதீர்கள். மதியச் சோற்றை இரவு சூடாக்கித் தந்தால் நாசூக்காக மறுத்துவிடுங்கள். சோற்றில் ஊறும் நச்சு சூட்டில் போகாது. குழாய்த் தண்ணீரும் அதில் செய்த ஐஸும் வேண்டாம், கரும்புச்சாறு குடித்தால் ஐஸ் இல்லாமல். அறை எடுக்கும்போதே ஜெனரேட்டர் அல்லது பேட்டரி உண்டா என்று கேளுங்கள்.

மீன் சாப்பிடுகிற தென்றலுக்கு: பெரிய சீலா மீனை, அங்கே பிகுவா என்பார்கள், தவிர்க்கவும். பவளப்பாறை மீன்களில் சேரும் சிகுவாத்தேரா நச்சை வேகவைத்தாலும் உறையவைத்தாலும் போக்க முடியாது. பார்வைக்கும் மணத்துக்கும் மீன் நன்றாகவே இருக்கும். வாயைச் சுற்றி மரத்துப்போவது, குளிர்ந்ததைத் தொட்டால் சுடுவது போல் இருப்பது அறிகுறி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மசாலாடப்பா:

காபி?

அடுக்களை_ராசாத்தி:

சின்ன கோப்பை, கறுப்பு, நல்ல இனிப்பு. நுரைக்கு ரகசியம்: மோக்கா பானையில் (அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தில் காபி இறக்குவது) முதலில் சொட்டுகிற கெட்டிக் காபி ஒரு தேக்கரண்டியை, 4 தேக்கரண்டி சர்க்கரையில் விட்டு, வெளிர் கிரீம் நிறம் வரும்வரை 2 நிமிடம் அடியுங்கள். மீதிக் காபியை மெல்ல ஊற்றினால் நுரை மேலே நிற்கும். முதல் சொட்டு அதிகமானால் சர்க்கரை கரைந்து பாகாகிவிடும், நுரை வராது. ரேஷன் காபியில் வறுத்த பட்டாணி கலந்திருக்கும், மண் வாசனை அதனால்தான். அந்தப் பொடியை மோக்கா பானையில் அமுக்கி நிரப்பினால் துளை அடைத்து அழுத்தம் ஏறும், தளர்வாகப் போட வேண்டும்.

தென்றல்வழி:

கடைசியாக ஒன்று. தங்கும் வீட்டுக்கு ஏதாவது சமையல் பொருள் கொண்டுபோகலாமா? சுங்கத்தில் பிடிப்பார்களா?

கரீபியன்தாசன்:

தாராளமாக. 2021 ஜூலையிலிருந்து பயணிகள் கொண்டுவரும் உணவு, மருந்து, சோப்பு வகைகளுக்குத் தீர்வை விலக்கு கொடுத்து, தவணை தவணையாக நீட்டித்து வந்தார்கள். புறப்படும் வாரத்தில் நடப்பு நிலையைச் சரிபாருங்கள். உணவையும் மருந்தையும் மற்றத் துணிமணியோடு கலக்காமல் தனிப் பையில் வைத்தால் சோதனை சீக்கிரம் முடியும். பச்சை இறைச்சி, பழம், முளைக்கும் விதை வேண்டாம். சீரகத்தூள், மிளகு, பால்பவுடர், காபித்தூள், ஈஸ்ட், எல்லாம் கடை முத்திரையோடு. பரிமாறும்போது நீட்டாதீர்கள், வந்த அன்றே வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

உப்புக்காற்று:

ஈஸ்ட்டைக் கைப்பையில் வையுங்கள். வெயிலில் நிற்கிற பேருந்தின் சாமான் அறையில் ஒரு பகல் கிடந்தால் வீரியம் குறையலாம், பிறகு மாவு சரியாக உப்பாது.